சுறாத் தோலும் சொத்தைப் பல்லும்

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்ரயிலில் மீஞ்சூருக்கு அடுத்த நிலையம் அனுப்பம்பட்டு. அதற்கடுத்தது பொன்னேரி. அங்கே இறங்கிப் பேருந்து பிடித்தால் பழவேற்காடு. இந்தத் தடத்தின் கிழக்கே போகப் போக உப்பங்கழிதான்: கொசஸ்தலை ஆற்றின் கடைசிப் பகுதி, பக்கிங்காம் கால்வாய், அப்புறம் ஏரி. இந்தத் தண்ணீரில் இருளர் பெண்கள் வலை இல்லாமல் வெறுங்கையால் இறால் பிடிக்கிறார்கள். இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி, விரலில் இடறும் இறாலை அமுக்கி எடுக்க வேண்டும். எடுத்ததைப் போட ஓலையால் முடைந்த கூடை ஒன்று உண்டு. அதைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. ஆகவே கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டே தண்ணீருக்குள் நகர்கிறார்கள். இறால் சேரச் சேரக் கூடை கனக்கும். அந்தக் கனத்தை வாங்குவது முன்பற்கள்.

பல் என்றால் நம் கண்ணுக்குத் தெரிவது எனாமல். உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். ஆனால் அது துளியும் வளைந்து கொடுக்காது. தனியாக நின்றால் நொறுங்கிவிடும். அதை நொறுங்கவிடாமல் அடியிலிருந்து தாங்குவது டென்டைன். பல்லின் பெரும்பகுதி அதுவே. எடையில் சுமார் 70 சதவீதம் தாது உப்பு, 20 சதவீதம் கொலாஜன் முதலான புரதங்கள், மீதி தண்ணீர். இந்தக் கலவையால் அதற்குக் கொஞ்சம் இணக்கம் உண்டு. நண்டின் ஓட்டை உடைக்கும்போதும் கூடையைக் கவ்வும்போதும் அழுத்தத்தை உள்வாங்கிப் பரப்பிவிடுவது இந்த அடுக்குதான். டென்டைனின் நடுவே ஓர் அறை இருக்கிறது. ரத்தக் குழாய்களும் நரம்புகளும் செல்களும் நிறைந்த மென்மையான திசு அதற்குள் இருக்கிறது. அதுதான் பற்கூழ்.

எனாமலுக்கும் டென்டைனுக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு கடினத்தில் இல்லை, ஆயுளில் இருக்கிறது. எனாமலைக் கட்டிய செல்கள் பல் ஈறைப் பிளந்து வெளிவரும்போதே அழிந்துபோகின்றன. அதன்பின் எனாமலில் விழும் எந்தக் குறையையும் உடம்பால் புதிதாகக் கட்டிச் சரிசெய்ய முடியாது. இதற்கான சான்று பழவேற்காடு ஏரியின் வடகரைப் பக்கமே இருக்கிறது. 1937-இல் கிண்டி கிங் நிலையத்தின் ஷார்ட்டும் அவருடைய சகாக்களும் நெல்லூர் மாவட்டக் கிராமங்களில் கண்ட ஃபுளூரைடு நோயைப் பற்றி எழுதினார்கள். இந்தியாவில் அந்த நோய் மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது அப்போதுதான். சிறு வயதில் குடித்த கிணற்று நீர் எனாமலில் பழுப்புத் திட்டுகளாகப் பதிந்தால், எழுபது வயதிலும் அந்தத் திட்டு அப்படியே இருக்கும். டென்டைனின் கதை வேறு. அதைக் கட்டிய செல்கள் பல் உயிரோடு இருக்கும்வரை உள்ளேயே இருக்கின்றன. அவை செத்தாலும், அவற்றின் இடத்துக்கு வரக்கூடிய வேறு செல்கள் பற்கூழில் இருக்கின்றன. அந்த இரண்டாம் வரிசைச் செல்கள் எப்படி டென்டைன் கட்டும் செல்களாக மாறுகின்றன என்பதே இந்த அத்தியாயம்.

முதலில் சுறா. பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் சுரக்க வேண்டும் என்று பால் சுறாவில் புட்டு செய்து கொடுப்பது நம் கடற்கரை வீடுகளின் வழக்கம். சுறாவைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்து, சூடு ஆறுவதற்குள் தோலைக் கத்தியால் சுரண்டுவார்கள். சுரண்டும்போது நறநறவென்று துகள் துகளாக உதிரும். மணல் ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அலசுபவர்கள் உண்டு. அது மணல் அல்ல. ஒவ்வொரு துகளும் ஒரு பல். உருப்பெருக்கியின் கீழ் வைத்தால் வெளியே எனாமலை ஒத்த ஒரு பூச்சு, உள்ளே டென்டைன், நடுவே பற்கூழ் அறை என்று நம் கடைவாய்ப் பல்லில் இருக்கும் அத்தனை அடுக்குகளும் அதில் தெரியும். திருக்கையின் வாலில் இருக்கும் முள்ளும் இதே குடும்பம்தான். காலில் ஏறினால் உயிர்போகும் வலி தருகிற அந்த முள்ளின் உடல் டென்டைனால் ஆனது.

ஆக, டென்டைன் முதலில் வாய்க்குள் தோன்றவில்லை. தாடையே இல்லாத பழங்கால மீன்களின் தோல் கவசத்தில் தோன்றியது. ஏறத்தாழ 46 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் கவசத் துண்டுகளை சிகாகோ பல்கலைக்கழகத்தின் யாரா ஹரிடியும் நீல் ஷூபினும் கூட்டாளிகளும் நுண் எக்ஸ்ரே கொண்டு ஆராய்ந்து, 2025-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். கவசத்தில் இருந்த டென்டைன் புடைப்புகள் சுற்றியிருந்த நீரை உணர்வதற்கான உறுப்புகளாக இருந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. இன்றைய சுறா, திருக்கை முதலியவற்றின் தோல் பற்களுக்கும் நரம்புத் தொடர்பு இருப்பதை அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். மெல்லும் வேலை பிறகு வந்தது. உணரும் வேலை முதலில் வந்தது. ஐஸ் தண்ணீர் பட்டதும் பல் கூசுகிறதே, அந்தக் கூச்சம் பல்லைவிடப் பழைய சமாசாரம் என்று இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது. பல மாதங்களாக அந்த எண்ணம் என்னை விடவில்லை.

கூச்சம் பற்றி இன்னொரு செய்தி. 2021-இல் காதரினா சிம்மர்மன், யோகன் லென்னர்ஸ் குழுவினர், டென்டைன் கட்டும் செல்களின் சவ்வில் இருக்கும் டிஆர்பிசி5 என்ற புரத வாயில்தான் குளிரை உணர்கிறது என்று எலிகளில் கண்டார்கள். அந்த வாயிலை மூடும் பொருள்களில் ஒன்று யூஜினால். கிராம்பு எண்ணெயின் சாரம் அதுதான். பல்வலிக்குக் கிராம்பை வைத்து அழுத்தச் சொன்ன பாட்டிகளின் கைவைத்தியத்துக்கு மூலக்கூறு அளவில் ஒரு விளக்கம் கிடைத்தது. கிராம்பு வலியை அடக்கும், சொத்தையை நிறுத்தாது. அது வேறு கணக்கு.

டென்டைன் கட்டும் செல்லுக்கு ஓடோன்டோபிளாஸ்ட் என்று பெயர். டென்டைன் செல் என்றே இனி அழைப்போம். அதன் மூதாதைகள் தாடையில் பிறந்தவை அல்ல. கருவில் மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகப்போகும் குழாயின் விளிம்பிலிருந்து ஒரு கூட்டம் செல்கள் கிளம்புகின்றன. நரம்பு முகட்டுச் செல்கள் என்பார்கள். அவற்றில் சில தோலின் நிறமிச் செல்கள் ஆகின்றன, சில முகத்து எலும்பாகின்றன, சில தாடைக்கு வந்து வாய்த்தோலின் அடியில் குவிகின்றன. ஆறாவது வாரம் வாக்கில் அந்தத் தோல் தடித்து உள்நோக்கிப் புடைக்கிறது. மேலே தோல், கீழே குவிந்த செல்கள் என்ற இந்த இரண்டு தரப்பும் புரதச் சேதிகளை மாறி மாறி அனுப்பிக்கொள்கின்றன. பிஎம்பி, எஃப்ஜிஎஃப், டபிள்யூஎன்டி, சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்று அந்தச் சேதிகளுக்குப் பெயர்கள் உண்டு. சேதியைப் பெறும் தரப்பில் எம்எஸ்எக்ஸ்1, பேக்ஸ்9 போன்ற மரபணுக்கள் பழுதாக இருந்தால் சில பற்கள் முளைக்கவே முளைக்காது.

இதில் ஒரு கட்டத்தை மட்டும் நெருங்கிப் பார்க்க வேண்டும். பல்லின் வடிவம் ஏறக்குறைய அமைந்துவிட்டது. மேல்தரப்புச் செல்களுக்கும் கீழ்தரப்புச் செல்களுக்கும் நடுவே மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. சவ்வை ஒட்டி நிற்கும் கீழ்தரப்புச் செல் கடைசி முறையாக இரண்டாகப் பிரிகிறது. அந்தப் பிரிவு சவ்வுக்குச் செங்குத்தாக நடப்பதால், பிறக்கும் இரண்டு செல்களில் ஒன்று சவ்வைத் தொட்டபடி நிற்கிறது, மற்றது அதற்குப் பின்னால் நிற்கிறது. சவ்வைத் தொடும் செல்லுக்கு மேலிருந்து வரும் சேதி எட்டுகிறது. அது டென்டைன் செல்லாகிறது. பின்னால் நிற்கும் இரட்டைப் பிறவிக்கு அந்தச் சேதி முழுமையாக எட்டுவதில்லை. அது பாதி வழியில் நின்றுகொண்டு காத்திருக்கிறது. இரண்டுக்கும் ஒரே மரபணுத் தொகுதி, ஒரே தாய்ச் செல். நின்ற இடம்தான் தலைவிதியைத் தீர்மானித்தது.

சவ்வைத் தொட்ட செல் இப்போது உயரமாக நீள்கிறது. உட்கரு ஒரு முனைக்கு ஒதுங்குகிறது. மறுமுனையிலிருந்து கொலாஜன் இழைகள் சுரக்கின்றன. சுரக்கச் சுரக்கச் செல் பற்கூழ்ப் பக்கமாகப் பின்வாங்குகிறது. ஆனால் தன் உடலின் ஒரு மெல்லிய இழையை மட்டும் தான் கட்டிய சுவருக்குள்ளேயே நீட்டி விட்டுவைக்கிறது. ஏரியில் படகு பின்னோக்கி நகர நகர வலை தண்ணீருக்குள் இறங்கி நிற்குமே, அந்த மாதிரி. பின்னர் கொலாஜனில் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து இறுக, இழை இருந்த இடம் நுண்குழாயாக நிலைக்கிறது. பற்கூழை ஒட்டிய பகுதியில் ஒரு சதுர மில்லிமீட்டர் டென்டைனில் இப்படிப்பட்ட குழாய்கள் 45,000-க்கும் மேல் இருக்கும். எனாமல் பக்கம் போகப் போக எண்ணிக்கை குறையும். வேலை மெதுவாக நடக்கிறது: பல் வளரும் காலத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 4 மைக்ரோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமன் அளவுக்குச் சுவர் எழும்ப இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும்.

தாது படிவதற்கு டென்டைன் செல் ஒரு தனிப் புரதத்தைச் செய்கிறது. டிஎஸ்பிபி என்ற மரபணுவிலிருந்து பிறக்கும் அந்தப் புரதம் பின்னர் துண்டுபடுகிறது. அதில் ஒரு துண்டில் எதிர்மின்னூட்டம் மிக அதிகம். கால்சியத்தைப் பிடித்து இழுத்து ஒழுங்காக அடுக்க உதவுவது அதுதான். இந்த மரபணு பழுதானவர்களின் பற்கள் பழுப்பும் நீலமுமாக மங்கி, எனாமல் தாங்குவாரின்றி உதிர்ந்து, சிறுவயதிலேயே தேய்ந்துபோகும். ஒரு செல் உண்மையிலேயே டென்டைன் செல்லாக மாறிவிட்டதா என்று ஆய்வகத்தில் கேட்டால், முதலில் தேடும் அடையாளமும் இதே டிஎஸ்பிபிதான்.

இப்படி முழுமையடைந்த செல் இனிப் பிரியாது. பிறந்த நாளிலிருந்து அந்தப் பல்லோடு வாழ்ந்து, வாழ்நாள் முழுக்க மிக மெதுவாக டென்டைனைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். வயதாக ஆகப் பற்கூழ் அறை சுருங்குவது இதனால்தான். ஆனால் அது செத்தால் தன்னைப் போல் இன்னொன்றை அதனால் உண்டாக்க முடியாது.

அது எப்போது சாகிறது? சொத்தை ஆழமாகும்போது. பல்லில் ஒட்டிய பாக்டீரியா சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. அமில அளவு பிஎச் 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். கரைசல் மெதுவாக வந்தால் உள்ளே இருக்கும் டென்டைன் செல்கள் நுண்குழாய் வழியாக அதை உணர்ந்து, சுறுசுறுப்பாகி, தங்கள் பக்கத்தில் கூடுதல் சுவர் எழுப்புகின்றன. வேகமாக, ஆழமாக வந்தால் அவை மாண்டுவிடும். அப்போதுதான் முன்பு சொன்ன இரண்டாம் வரிசைச் செல்களுக்கு, அதாவது பற்கூழின் குருத்துச் செல்களுக்கு, அழைப்பு போகிறது.

அந்த அழைப்பு எங்கிருந்து வருகிறது என்பதை பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஆந்தனி ஸ்மித்தின் குழு பல ஆண்டு உழைப்பில் காட்டியது. டென்டைனைக் கட்டிய காலத்திலேயே டிஜிஎஃப்-பீட்டா 1 போன்ற வளர்ச்சிக் காரணிகள் சுவரோடு சேர்ந்து புதைந்துபோகின்றன. தாது அவற்றைச் சிதையாமல் காக்கிறது. பின்னொரு நாள் அமிலம் அந்தத் தாதுவைக் கரைக்கும்போது அவை விடுபட்டு நுண்குழாய் வழியே பற்கூழுக்குள் கசிகின்றன. சொத்தையை உண்டாக்கும் அதே அமிலம், சொத்தைக்கு எதிரான ஆட்களைக் கூப்பிடும் சேதியையும் அவிழ்த்துவிடுகிறது. உடலியலில் நான் படித்தவற்றில் இதற்கு இணையான நேர்த்தி குறைவு.

ஆனால் பற்கூழில் அப்படிப்பட்ட குருத்துச் செல் இருக்கிறது என்பதை நிரூபித்தது 2000-ஆம் ஆண்டில்தான். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஸ்டான் கிரான்தோஸ், சோங்டாவ் ஷி, பமேலா ரோபி ஆகியோர், பிடுங்கி எறியப்படும் ஞானப்பற்களை வாங்கி உடைத்து, பற்கூழை நொதிகளால் கரைத்துத் தனித்தனிச் செல்களாக்கி வளர்த்தார்கள். சில செல்கள் ஒற்றையாக நின்று பெருகிக் கூட்டம் கூட்டமாக வளர்ந்தன. அவற்றைத் தாதுப் பொடியில் ஏற்றி, நோயெதிர்ப்பு இல்லாத எலிகளின் தோலடியில் பதித்தார்கள். சில வாரங்கள் கழித்துத் திறந்து பார்த்தபோது அங்கே டென்டைன் இருந்தது: ஓரத்தில் வரிசைகட்டி நின்ற செல்கள், சுவருக்குள் இழை நீட்டியிருந்த செல்கள், நடுவே பற்கூழ் போன்ற திசு. ஒப்பீட்டுக்காக எலும்பு மஜ்ஜைக் குருத்துச் செல்களையும் அதேபோல் பதித்திருந்தார்கள். அவை எலும்பையும் மஜ்ஜையையும் கட்டின. ஒரே தாதுப் பொடி, ஒரே எலி; ஆனால் ஒவ்வொரு செல்லும் தான் வந்த இடத்தின் திசுவையே கட்டியது.

அடுத்த திருப்பம் ஷியின் வீட்டில் நேர்ந்தது. ஆறு வயது மகளின் பால் பல் ஆடி விழுந்தது. உள்ளே சிவப்பாக ஒட்டியிருந்த திசுவைப் பார்த்து, இதிலும் இருக்குமோ என்று அவருக்கு ஐயம் எழுந்தது. 2003-இல் வெளியான கட்டுரை, விழும் முன்பல் ஒன்றிலிருந்து 12 முதல் 20 குருத்துச் செல்கள் வரை கிடைக்கின்றன என்றது. நம் ஊர்களில் பால் பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிகிறோம். நல்ல பல் முளைக்க வேண்டும் என்பது வேண்டுதல். எறிகிற அந்தத் துணுக்கில் பல் கட்டத் தெரிந்த செல்கள் உயிரோடு இருக்கின்றன என்று அறியும்போது அந்த வேண்டுதல் இன்னும் அழகாகிறது.

இந்தச் செல்கள் பற்கூழில் எங்கே குடியிருக்கின்றன? பெரும்பாலும் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரை ஒட்டி. இன்னொரு பகுதி நரம்போடு வருகிறது. 2014-இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்து ஆய்வாளர்கள் எலியின் வெட்டுப்பல்லில், நரம்பைப் போர்த்தியிருக்கும் உறைச் செல்களிலிருந்தே சில குருத்துச் செல்கள் பிறந்து டென்டைன் செல்களாக மாறுவதைக் காட்டினார்கள். எலிக்கும் பெருச்சாளிக்கும் வெட்டுப்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பதால் அங்கே இந்த வேலை தினமும் நடக்கிறது. சுறா வேறு வழியில் போகிறது: பழைய பல்லை உதிர்த்துவிட்டு அடுத்த வரிசைப் பல்லை முன்னுக்குத் தள்ளும். நமக்கு இரண்டு முறைதான். அதன்பின் இருப்பதைப் பழுதுபார்க்கும் வாய்ப்பு மட்டும்.

அழைப்பு கிடைத்த குருத்துச் செல் முதலில் பெருகுகிறது, பின்னர் காயம்பட்ட இடத்துக்கு நகர்கிறது, அப்புறம் மாறத் தொடங்குகிறது. மாற்றத்தின் நடுவே ஒரு கவர்பாதை இருக்கிறது: எலும்பா, டென்டைனா? தொடக்கத்தில் இரண்டுக்கும் ஒரே சாவி, ரன்எக்ஸ்2 என்ற மரபணு. அது முடுக்கப்பட்டால்தான் செல் தாது கட்டும் திசையில் திரும்பும். ஆனால் டென்டைன் செல்லாக முழுமையடைய வேண்டுமானால் அதே ரன்எக்ஸ்2 உரிய நேரத்தில் அடங்க வேண்டும். டிஎஸ்பிபி மேலெழ வேண்டும். அடங்காமல் ஓங்கியே நின்றால் விளைவு எலும்பின் சாயலில் போகும். ஆய்வகத் தட்டில் டெக்ஸாமெத்தசோன், வைட்டமின் சி, பீட்டா கிளிசரோபாஸ்பேட் மூன்றையும் ஊட்டி மூன்று நான்கு வாரம் வளர்த்தால் இந்தச் செல்கள் கால்சியம் படியவைக்கும். அலிசரின் சாயம் ஊற்றினால் தட்டு சிவந்துவிடும். சிவந்த தட்டின் படம் இல்லாத ஆய்வுக் கட்டுரையே இந்தத் துறையில் அபூர்வம். ஆனால் அந்தச் சிவப்பு கால்சியம் இருப்பதை மட்டும்தான் சொல்கிறது. எலும்புச் செல்லும் தட்டைச் சிவக்க வைக்கும். உயரமாக நீண்டு, ஒரு பக்கமாக இழை விட்டு, நுண்குழாயோடு கூடிய சுவரைக் கட்டினால் ஒழிய அதை டென்டைன் செல் என்று ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. கடுமையான அளவுகோல்தான். நோயாளியின் வாயில் நிற்கப்போவது அந்தச் சுவர் என்பதால் கடுமை வேண்டியிருக்கிறது.

பல்லுக்குள் இயற்கையாக நடக்கும் பழுதுபார்ப்பிலும் இதே சிக்கல் உண்டு. அவசரத்தில் எழும் டென்டைனில் நுண்குழாய்கள் கோணல்மாணலாக இருக்கும். சில இடங்களில் குழாயே இருக்காது. சில செல்கள் தாங்கள் கட்டிய சுவருக்குள்ளேயே சிக்கிக்கொண்டிருக்கும். அழகு குறைவு. இருந்தாலும் பாக்டீரியாவை வெளியே நிறுத்த அது போதும், பற்கூழ் பிழைத்துக்கொள்ளும்.

மருத்துவரின் வேலை இந்தச் செல்களுக்கு அவகாசம் வாங்கிக் கொடுப்பது. 1920-இல் ஜெர்மனியின் ஹெர்மன் கால்சியம் ஹைட்ராக்சைடைப் பல் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார். திறந்துபோன பற்கூழின்மேல் அதை வைத்தால் அடியில் டென்டைன் பாலம் எழும்பும் என்று பின்னர் தெரிந்தது. 1990-களில் கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் டோராபினெஜாட் உருவாக்கிய எம்டிஏ சிமென்ட் அதைவிட இறுக்கமாக அடைத்து, அதைவிடச் சீரான பாலத்தை எழுப்பியது. இன்று நம் ஊர்ப் பல் மருத்துவமனைகளிலும் அது புழக்கத்தில் இருக்கிறது. சொத்தையைச் சுரண்டும் முறையும் மாறிவிட்டது. முன்பெல்லாம் மெத்தென்று இருக்கும் டென்டைன் துளியும் மிஞ்சாமல் எடுப்பார்கள். எடுக்கும்போது பற்கூழ் திறந்துகொள்ளும். இப்போது, பற்கூழ் உயிரோடு இருந்தால் அடியாழத்தில் கொஞ்சம் மெத்தென்ற டென்டைனை விட்டுவைத்து, மேலே காற்றுப் புகாமல் அடைப்பதே நல்லது என்று 2019-இல் ஐரோப்பிய வேர் சிகிச்சை வல்லுநர் சங்கம் பரிந்துரைத்தது. உணவு கிடைக்காத பாக்டீரியா ஓய்ந்துபோகும். அடியில் செல்கள் தங்கள் வேலையைச் செய்யும்.

பற்கூழ் முற்றிலும் செத்துவிட்டால்? அங்கேதான் குருத்துச் செல் சிகிச்சை கனவாகவும் பாதி நனவாகவும் நிற்கிறது. 2017-இல் ஜப்பானில் மிசாகோ நகாஷிமாவின் குழு ஐந்து நோயாளிகளுக்கு அவரவர் பற்கூழ்ச் செல்களையே வளர்த்து, வெறுமையான வேர்க்குழாயில் பதித்தது. 2018-இல் சீனாவின் சியான் நகரில், கீழே விழுந்து முன்பல் அடிபட்ட சிறுவர்களுக்கு அவர்களுடைய பால் பல்லின் செல்களைப் பதித்தார்கள். உணர்வும் ரத்த ஓட்டமும் திரும்பின, வேர் மேலும் வளர்ந்தது. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பால் ஷார்ப் வேறு திசையில் போனார். செல்லை வெளியே எடுக்கவே வேண்டாம், உள்ளே இருப்பதைத் தூண்டினால் போதும் என்பது அவர் வழி. அல்சைமர் நோய்க்காகச் சோதிக்கப்பட்ட டைட்குளூசிப் என்ற மருந்தைக் கொலாஜன் பஞ்சில் நனைத்து எலிப் பல்லின் துளைக்குள் வைத்தபோது, பஞ்சு கரைந்த இடத்தை டென்டைன் நிரப்பியது. இந்த மூன்று வழிகளில் மூன்றாவதுதான் நம் மாதிரியான நாட்டுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். செல் வளர்க்கும் தூய அறைகளைப் பொன்னேரி அரசு மருத்துவமனையில் அமைக்க முடியாது. மருந்து நனைத்த பஞ்சை அங்கே வைக்க முடியும். ஆனால் ஷார்ப்பின் அந்த முடிவு எலிக்குக் கிடைத்தது. எலிப் பல்லில் துளை மிகச் சிறியது. மனிதக் கடைவாய்ப் பல்லின் பெரிய பள்ளத்தை நிரப்புவது பெரிய வேலை.

குழந்தையின் பால் பல்லைச் சேமித்து வைத்தால் நாளை எந்த நோய்க்கும் உதவும் என்று சொல்லிப் பணம் கேட்பவர்களைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டு நெறிகள், தொப்புள்கொடி ரத்தம் தவிர வேறு எதையும் வணிக வங்கிகளில் சேமிக்க அனுமதி இல்லை என்று கூறுகின்றன. பல்லிலிருந்து எடுக்கும் திசுவும் அந்தத் தடைப் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. சரியான முடிவு. மீன் விற்ற காசில் பிள்ளையின் பல்லை ஆண்டுக்கணக்கில் உறையவைக்க யாரும் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. இந்தச் செல்களுக்கு இன்று கிடைக்கக்கூடிய மிகப் பாதுகாப்பான சேமிப்பிடம் அந்தப் பல்லேதான்.

ஆகவே மீனவக் குப்பங்களில் இருப்பவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இது. பல்வலியில் இரண்டு கட்டங்கள் உண்டு. குளிர்ந்த தண்ணீரோ இனிப்போ பட்டால் சுரீர் என்று கூசி, எடுத்ததும் அடங்கிவிட்டால் பற்கூழ் பெரும்பாலும் பிழைக்கக்கூடிய நிலையில் இருக்கிறது. ஒன்றும் படாமலே வலித்தால், ராத்திரி படுத்ததும் விண்விண்ணென்று தெறித்தால், சூடு பட்ட வலி நெடுநேரம் நின்றால், பற்கூழ் ஆபத்தில் இருக்கிறது. பற்கூழைச் சுற்றி இறுகிய சுவர் என்பதால் வீங்க இடமில்லை. ரத்தம் வந்துபோவது பெரும்பாலும் வேர் நுனியின் ஊசித் துளை வழியாகத்தான். முதல் கட்டத்தில் வந்தால் அடைத்துவிடலாம், உள்ளே இருக்கும் செல்கள் மீதியைப் பார்த்துக்கொள்ளும். இரண்டாம் கட்டத்தில் வேர் சிகிச்சையோ பிடுங்குவதோதான் பெரும்பாலும் மிஞ்சும். கடலுக்குப் போகும் நாள் கெடும், இறால் பாடு கெடும் என்று முதல் கட்டத்தைத் தாங்கிக்கொண்டு, இரண்டாம் கட்டத்தில் வந்து, "புடுங்கிடுங்க டாக்டர்" என்று வாயைத் திறப்பவர்களே அதிகம். அந்தப் பற்களில் பலவற்றைக் காப்பாற்றியிருக்கலாம்.

அனுப்பம்பட்டிலிருந்து அதே மின்ரயில் சென்ட்ரலுக்குப் போகிறது. அங்கிருந்து எட்டும் தூரத்தில், கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, 1953-இலிருந்து இயங்குகிறது. பல் கூசத் தொடங்கிய வாரத்திலேயே போங்கள். போனதும் மருத்துவரிடம் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "பற்கூழைக் காப்பாத்த முடியுமா?"